'யா... நோ' என்றால் ஆமாவா, இல்லையா?

மின்னஞ்சலில் வரும் ஆங்கிலம் புரிகிறது. ஆவணத்தில் இருக்கும் ஆங்கிலம் புரிகிறது. அதை எழுதிய அதே ஆள் மாலை ஆறரை மணி காலில் பேசத் தொடங்கினால் மட்டும் பாதி நழுவிப் போய்விடுகிறது. சென்னை ஓ.எம்.ஆரிலும் கோவை சரவணம்பட்டியிலும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வேலை பார்க்கும் பலருக்கு இது அன்றாடப் பாடு. இதில் வேடிக்கை என்னவென்றால், நழுவிப் போகும் சொற்களில் ஒன்றுகூடக் கடினமானதில்லை. யெஸ், நோ, லைக், மீன், ரைட், டன் எல்லாமே ஆறாம் வகுப்புக்குள் படித்து முடித்தவை.

பேச்சில் வரும் சொற்களில் ஒரு பெரும் பங்கு பொருள் சொல்ல வருவதே இல்லை. யோசிக்க நேரம் வாங்க, கடுமையைக் குறைக்க, எதிராளி கூடவே வருகிறாரா என்று பார்க்க வருகின்றன. அகராதியில் அவை சிக்காது. ஆகவே 'இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்பதை விட்டு, 'இந்தச் சொல் இங்கே என்ன வேலை பார்க்கிறது?' என்று கேட்கப் பழகுங்கள். எதைக் காதோடு விட்டுவிடலாம், எதைக் குறித்துக்கொள்ள வேண்டும், எங்கே நிறுத்தி விளக்கம் கேட்க வேண்டும் என்பது தானாகப் பிரிபடும்.

காதோடு விட வேண்டியவை

'சோ, யூ நோ, த திங் இஸ் இஸ், வி ஆர் கைண்ட் ஆஃப், லைக், வெயிட்டிங் ஆன் லீகல்.' இதில் சரக்கு கடைசித் துண்டு மட்டும்தான்: சட்டப் பிரிவின் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். மற்றவை எல்லாம் நாக்கு ஓட, மூளை பின்னால் வந்து சேர்வதற்கான அவகாசம். நாமும் இதையேதான் செய்கிறோம். 'நான் வந்து, பாத்தீங்கன்னா, அத வந்து நேத்தே முடிச்சிட்டேன்' என்கிறோம். யாரும் எங்கேயும் வரவில்லை. யாரும் எதையும் பார்க்கவும் இல்லை. தமிழில் இதைக் கேட்டு நாம் குழம்புவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்க்கப் போய் மாட்டிக்கொள்கிறோம்.

'இஸ் இஸ்' என்று இரண்டு முறை வருவது உங்கள் காதின் கோளாறு அல்ல. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட, நன்கு படித்தவர்களின் பேச்சிலும் இது சகஜம். மொழியியலாளர்கள் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து வருகிறார்கள். 'த திங் இஸ்' என்பது 'விஷயம் என்னன்னா' என்பதுபோல ஒரே கட்டியாக உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு வாக்கியத்துக்கு வேண்டிய 'இஸ்' தனியாக வருகிறது. கேட்டுக்கொள்ளுங்கள், மின்னஞ்சலில் எழுதிவிடாதீர்கள்.

தடுமாற்ற ஒலிகளுக்குக்கூட வேலை உண்டு. ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு, 'அஹ்' வந்தால் சிறிய இடைவெளியும், 'அம்' வந்தால் நீண்ட இடைவெளியும் பின்தொடர்கின்றன என்று காட்டியது. 'அம்' கேட்டதும் அவர் முடித்துவிட்டார் என்று நினைத்து உள்ளே புகாதீர்கள். அவர் இன்னும் சொல்ல வேண்டியதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கூட்டத்துக்குள்ளேயே கவனிக்க வேண்டிய சில சொற்கள் உண்டு. டெபோரா ஷிஃப்ரின் என்ற மொழியியலாளர் வெல், சோ, யூ நோ, ஐ மீன் போன்றவற்றுக்காகவே 1987இல் ஒரு முழு நூல் எழுதினார். அலுவலகத்துக்கு வேண்டிய அளவு மட்டும் இங்கே:

• 'ஐ மீன்' என்பது பல நேரங்களில் திருத்தம். 'டியூஸ்டே, ஐ மீன், தர்ஸ்டே' என்றால் செவ்வாயை அடித்துவிட்டு வியாழனை எழுதுங்கள்.
• பதிலின் முதல் சொல் 'வெல்' என்றால் நேரான 'யெஸ்' வரப்போவதில்லை என்று எதிர்பாருங்கள்.
• 'ஆக்சுவலி' வந்தால், நீங்கள் நினைத்திருப்பது வேறு, நிலவரம் வேறு என்கிறார்.
• 'எனிவே' என்றால் கிளைக்கதை முடிந்தது. பழைய பேச்சுக்குத் திரும்புகிறார், அல்லது பேச்சையே முடிக்கப் பார்க்கிறார்.
• 'ஆர் சம்திங்', 'அண்ட் ஸ்டஃப்' இரண்டும் நம் 'காபி கீபி', 'ரிப்போர்ட் கிப்போர்ட்' ரகம். 'செண்ட் தெம் எ ஸ்ப்ரெட்ஷீட் ஆர் சம்திங்' என்றால் ஸ்ப்ரெட்ஷீட்தான் வேண்டும் என்பதில்லை. வடிவம் உங்கள் விருப்பம்.

ஒரே சொல் இரட்டித்தால்

சொல்லை அடுக்கிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. அசைநிலையாகவும், பொருளுக்காகவும், இசை நிறைக்கவும் ஒரு சொல் இரண்டு முதல் நான்கு முறை வரை அடுக்கும் என்று நன்னூல் வகுத்திருக்கிறது. ஆங்கிலப் பேச்சிலும் அடுக்கு உண்டு. ஆனால் அதன் கணக்கு வேறு.

முதல் வகை, 'அசல்' என்று அழுத்தம் தருவது. டூனா மீன் போட்டதும் சாலட்தான், உருளைக்கிழங்கு போட்டதும் சாலட்தான். இலைதழை போட்ட வழக்கமான ஒன்றைக் குறிக்க 'சாலட் சாலட்' என்பார்கள், முதல் சொல்லை அழுத்தி. இதைப் பற்றி 2004இல் நான்கு மொழியியலாளர்கள் எழுதிய கட்டுரைக்குச் 'சாலட் சாலட் கட்டுரை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மென்பொருள் உலகில் இதன் உறவுக்காரர் 'டன் டன்'. 'இஸ் இட் டன், ஆர் டன் டன்?' என்று மேலாளர் கேட்டால், கோடு எழுதி முடித்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை. சோதனை, சக ஊழியரின் ரிவ்யூ, டிப்ளாய்மென்ட் எல்லாம் முடிந்து, இனி யாரும் தொட வேண்டியதில்லையா என்று கேட்கிறார். ஸ்க்ரம் முறையில் 'டெஃபினிஷன் ஆஃப் டன்' என்று தனியாக ஒன்றை வரையறுத்து வைப்பதே இந்தத் தகராறைத் தவிர்க்கத்தான். இந்தக் கேள்விக்கு 'யெஸ்' மட்டும் போதாது. என்ன முடிந்தது, என்ன பாக்கி என்று இரண்டையும் சொல்லுங்கள்.

இரண்டாம் வகை, 'போதும்' என்ற சைகை. 'யா யா யா', 'நோ நோ நோ', 'ஓகே ஓகே' என்று ஒரே மூச்சில், ஒரே சுருதியில் வருபவை. சமூகவியலாளர் டான்யா ஸ்டிவர்ஸ் 2004இல் இவற்றை ஆராய்ந்தார். முன்னால் பேசியவர் தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டு போகிறார், நிறுத்தலாம் என்பதையே இந்த அடுக்கு உணர்த்துகிறது என்பது அவர் கண்டது. விளக்கிக்கொண்டிருக்கும்போது எதிர்முனையில் 'யா யா யா' கேட்டால், உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு ஸ்லைடு ஓட்டாதீர்கள். அடுத்த விஷயத்துக்குப் போங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது, நீங்கள் பேசும்போது விட்டுவிட்டு வரும் 'ரைட்', 'ஓகே', 'ம்ஹ்ம்'. அது நம் 'ம்' கொட்டுதல்; கேட்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 'ரைட் ரைட்னு சொன்னாரே' என்று அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிப் பிறகு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஒப்புதல் வேண்டுமென்றால் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாம் வகை வெறும் இலக்கணம். 'தி இஷ்யூ வி ஹேட் ஹேட்' என்பதில் முதல் 'ஹேட்' துணைவினை, இரண்டாவது முதன்மை வினை. முன்பே இருந்த சிக்கல் என்று பொருள். இதற்கு மேல் இதில் மர்மமில்லை.

நம் பக்கத்து அடுக்கையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன மாற்றங்கள் என்று மனதுக்குள் நினைத்து 'ஸ்மால் ஸ்மால் சேஞ்சஸ்' என்று சொல்கிறோம். 'எ ஃபியூ ஸ்மால் சேஞ்சஸ்' என்றால் வேலை முடிந்தது.

ஆமாவும் இல்லையும்

'யா, நோ' என்று சேர்த்துச் சொல்வது அமெரிக்கர், பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர் எல்லோரிடமும் உண்டு. ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் இதன் பயன்பாட்டை கேட் பரிட்ஜ், மார்கரெட் ஃப்ளோரி என்ற இருவர் 2002இல் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வேலைக்கு உதவும் விதி இது: முதல் சொல் நீங்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதற்கு, பதில் இரண்டு சொற்களுக்கும் பின்னால் வரும் வாக்கியத்தில்தான்.

'யா, நோ, தட் வோன்ட் வொர்க்' என்றால், சொல்வது புரிகிறது, ஆனால் நடக்காது. 'நோ, யா, கோ அஹெட்' என்றால், தடையேதும் இல்லை, தொடங்குங்கள். 'யா, நோ, டோட்டலி' என்றால் முழுச் சம்மதம். நடுவில் வரும் 'நோ' சந்தேகத்துக்கு இடமில்லை என்பதற்கு. ஆகவே இந்த இரு சொற்களைக் கேட்டவுடன் முடிவுக்கு வராமல், வாக்கியம் முடியும்வரை பொறுங்கள்.

இதைவிட அதிகம் சேதம் செய்வது எதிர்மறைக் கேள்வி. 'இன்னும் ஃபைல் அனுப்பலையா?' என்று தமிழில் கேட்டால், 'ஆமா சார், இன்னும் அனுப்பல' என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த 'ஆமா'. ஆங்கிலத்தில் 'யெஸ்' கேள்வியோடு ஒத்துப்போவதில்லை, நடந்ததோடு ஒத்துப்போகும். 'ஹேவன்ட் யூ சென்ட் த ஃபைல்?' என்பதற்கு 'யெஸ்' என்றால், அனுப்பியாகிவிட்டது என்று அர்த்தம். வாடிக்கையாளர் இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். 'நோ, நாட் யெட், ஐ வில் செண்ட் இட் பை ஃபோர்' என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

'டூ யூ மைண்ட் இஃப் வி ரெக்கார்ட் திஸ்?' என்பதும் இந்த இனம்தான். 'யெஸ்' என்றால் ஆட்சேபணை இருக்கிறது என்றாகிவிடும். 'நோ, ப்ளீஸ் கோ அஹெட்' என்பதே சம்மதம். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல் இருந்தாலே இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

மெத்தென்ற சொல், கனமான பொருள்

1951 ஏப்ரலில் கொரியப் போரின் இம்ஜின் ஆற்றுச் சண்டையில், சீனப் படையின் பெருந்தாக்குதலில் சிக்கிய பிரிட்டிஷ் படைப்பிரிவின் தளபதி, நிலைமை 'எ பிட் ஸ்டிக்கி' என்று அமெரிக்க மேலதிகாரியிடம் சொன்னதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. பிரிட்டிஷ் காதுக்கு அது அபாயச் சங்கு. அமெரிக்கருக்கோ கொஞ்சம் சிரமம், சமாளித்துவிடுவார்கள் என்று பட்டதாம். குளோஸ்டர்ஷயர் பட்டாலியன் ஒரு குன்றின் மேல் சுற்றி வளைக்கப்பட்டு, அதில் பெரும்பாலோர் சிறைப்பட்டது வரலாறு.

பிரிட்டிஷ் வாடிக்கையாளரோடு வேலை செய்பவர் இந்த அடக்கிப் பேசும் பழக்கத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 'எ பிட் ஆஃப் எ ப்ராப்ளம்' என்றால் சின்னச் சிக்கல் என்று உறங்கப் போய்விடாதீர்கள். 'குவைட் குட்' அமெரிக்கர் வாயில் நல்ல பாராட்டு. பிரிட்டிஷார் வாயில் 'குவைட்' அழுத்தம் பெற்றால் பரவாயில்லை என்ற அளவுதான். 'நாட் பேட்' அவர்களிடம் உண்மையான பாராட்டாகவே இருக்கலாம். 'வித் ரெஸ்பெக்ட்' வந்தால் மறுப்பு வருகிறது. 'ஐ ஹியர் யூ' என்றால் கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை. பின்னாலேயே ஒரு 'பட்' வரும்.

அமெரிக்கரிடமும் மென்மை உண்டு. 'யூ மைட் வான்ட் டு லுக் அட் ஸ்லைடு டூ' என்பது யோசனை மாதிரி காதில் விழும். மேலாளர் சொன்னால் அது உத்தரவு: இரண்டாவது ஸ்லைடைத் திருத்துங்கள். 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப்' என்று இறந்த காலத்தில் தொடங்கினாலும் கேட்பது இப்போதைக்குத்தான். காலத்தைப் பின்தள்ளுவது மரியாதைக்காக.

எது யோசனை, எது உத்தரவு என்று தெரியாதபோது ஊகிக்காதீர்கள். 'இஸ் திஸ் எ மஸ்ட் ஃபார் ஃப்ரைடே, ஆர் நைஸ் டு ஹேவ்?' என்று ஒரு கேள்வி போதும்.

நாளும் நேரமும்: இங்கே ஊகம் கூடவே கூடாது

1941 டிசம்பரில் வாஷிங்டனில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத்தலைமைகள் கூடிப் பேசியபோது, பிரிட்டிஷார் ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்ய விரும்பினார்கள். அவர்கள் மொழியில் உடனே விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்கர் மொழியில் கிடப்பில் போடுவது. இரு தரப்பும் விரும்பியது ஒன்றுதான் என்று தெரிவதற்குள் நீண்ட வாக்குவாதமே நடந்துவிட்டது என்று சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இரு நாட்டாருக்கே இந்த நிலை என்றால், நாம் விளக்கம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண்டிப்பாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டியவை:

• 'மூவ்டு ஃபார்வர்டு டூ டேஸ்': புதன்கிழமைக் கூட்டம் இப்படி நகர்ந்தால் சிலருக்கு அது திங்கள், சிலருக்கு வெள்ளி. உளவியல் ஆய்வுகளில் இந்த வாக்கியம் சோதனைக்கு வைக்கப்படும் அளவுக்குப் பேர்போன குழப்பம்.
• 'பைவீக்லி': வாரம் இருமுறையும் ஆகலாம், இரு வாரத்துக்கு ஒருமுறையும் ஆகலாம்.
• 'நெக்ஸ்ட் ஃப்ரைடே': வரும் வெள்ளியா, அதற்கடுத்ததா? தேதியைக் கேளுங்கள்.
• 'ஹாஃப் டென்': பிரிட்டிஷ் வழக்கில் பத்தரை.
• 'எண்ட் ஆஃப் டே': யாருடைய நாள்? நியூயார்க்கில் வெள்ளி மாலை ஐந்து என்றால் இங்கே சனி அதிகாலை. கோடையில் இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை.

'சர்க்கிள் பேக்' என்றால் பிறகு பேசுவது, 'டேக் இட் ஆஃப்லைன்' என்றால் இந்தக் கூட்டத்தில் வேண்டாம் என்பது, 'பேண்ட்வித்' என்றால் ஆளும் நேரமும். இவை ஒரு வாரத்தில் பழகிவிடும். 'சர்க்கிள் பேக்' கேட்டால் மட்டும் எப்போது என்று தேதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது திரும்பி வராது.

உபசாரச் சொற்களுக்கு உபசாரமே பதில். பிரிட்டிஷார் 'யூ ஆல்ரைட்?' என்பது உடல்நல விசாரணை அல்ல, 'சாப்பிட்டாச்சா?' என்று நாம் கேட்பதுபோல. 'குட், தேங்க்ஸ். யூ?' போதும். 'ஐ வில் லெட் யூ கோ' என்றால் உங்களை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. அழைப்பை முடிக்கலாம் என்று நாகரிகமாகச் சொல்கிறார்.

திருப்பிச் சொல்வதே மருந்து

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியான்கா விமானம் வானில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருக்க வைக்கப்பட்டது. விமானிகள் எரிபொருள் தீர்ந்துவருகிறது என்றார்கள், முன்னுரிமை கேட்டார்கள். 'எமர்ஜென்சி' என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. நெருக்கடி கட்டுப்பாட்டு அறைக்கு உறைக்கவே இல்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தாமதம் ஆகும் என்றால் 'ஸ்லைட் இஷ்யூ' என்று மழுப்பாமல் 'திஸ் வில் பி டூ டேஸ் லேட்' என்று சொல்லுங்கள்.

விமானத் துறையில் கேட்ட கட்டளையைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவது கட்டாய வழக்கம். அலுவலகத்துக்கும் அதுவே நல்லது. இந்த மூன்று வாக்கியங்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்:

• 'வென் யூ சே டன், டூ யூ மீன் டெஸ்டட் ஆர் டிப்ளாய்டு?' இரண்டு தேர்வுகளை நீங்களே வைக்கும்போது பதில் ஒற்றைச் சொல்லில் வந்துவிடும்.
• 'சாரி, ஐ மிஸ்டு த டேட். விச் டே வாஸ் இட்?' வெறும் 'கேன் யூ ரிபீட்?' என்றால் அதே வேகத்தில் முழுவதையும் மறுபடி ஓட்டுவார். விட்டுப்போன துண்டை மட்டும் கேளுங்கள்.
• 'சோ, ஐ வில் செண்ட் த ரிப்போர்ட் பை தர்ஸ்டே, அண்ட் யூ வில் அப்ரூவ் இட் பை ஃப்ரைடே. இஸ் தட் ரைட்?' யார், என்ன, எப்போது மூன்றும் இதில் அடங்கும்.

'ஐ ஹேவ் எ டவுட்' என்று தொடங்க வேண்டாம். வெளிநாட்டார் காதில் அது அவர் சொன்னதை நம்பவில்லை என்று ஒலிக்கலாம். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று கேளுங்கள்.

கேட்டால் ஆங்கிலம் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். மார்க் டிங்கமான்சேயும் சக ஆய்வாளர்களும் 12 மொழிகளின் அன்றாட உரையாடல்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மக்கள் தங்கள் சொந்த மொழியில் பேசும்போதே சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை 'என்ன?', 'யாரு?' என்று எதிராளியை நிறுத்தி விளக்கம் கேட்கிறார்கள்.

பயிற்சி

செய்தி வாசிப்பைக் கேட்டுப் பயிற்சி எடுத்தால் இந்தச் சிக்கல் தீராது. அது எழுதி வைத்துப் படிக்கும் ஆங்கிலம். தயாரிப்பில்லாமல் இருவர் பேசிக்கொள்ளும் பேட்டிகளையும் பாட்காஸ்ட்களையும் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத் துண்டு போதும். முதல் முறை சாரத்தை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள். இரண்டாம் முறை நிரப்புச் சொற்களையும் அடுக்குகளையும் கவனித்து, ஒவ்வொன்றும் என்ன வேலை பார்த்தது என்று குறியுங்கள். உங்கள் அலுவலகம் அனுமதித்தால் கூட்டப் பதிவுகளையே இதற்குப் பயன்படுத்தலாம். உங்கள் வாடிக்கையாளரின் வாய்மொழியே உங்களுக்கு வேண்டிய பாடம்.

ஒவ்வொரு கூட்டமும் முடிந்த பத்து நிமிடத்துக்குள் நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: முடிவானது, நான் செய்வது, நீங்கள் செய்வது, தேதி. பேச்சில் தவறவிட்டதை அவர்களே அங்கே திருத்திவிடுவார்கள். 'யா யா' சொன்னவர் எழுத்தில் 'யெஸ்' சொல்கிறாரா என்பதும் அங்கேதான் தெரியும். நாளைய முதல் காலிலிருந்தே இதைத் தொடங்குங்கள்.